மான் தொடாத தோட்டம்

இதைச் சொல்லப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நீங்கள் எந்த இடத்தில் எழுந்து போவீர்களோ தெரியாது, போனாலும் நான் குற்றம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கதையை யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுகிற முதல் ஆள் நான்தான். சாயல்குடிப் பக்கம் நான் பிறந்த ஊரில், பனங்காட்டுக்குள் ஒரு வெளிச்சம் அலைகிறது, கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரே ஒரு மாதம் ஏழு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. நான்தான் போய்ப் பார்த்தேன். எங்கள் சித்தப்பா மகன், எவளோ ஒருத்தியோடு பேசுவதற்கு டவர் கிடைக்காமல், போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் பேய் என்று யார் சொன்னாலும் எனக்கு அவனுடைய அசட்டு முகம்தான் ஞாபகத்துக்கு வரும். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது.

எங்கள் ஊர் கடலாடிக்கும் மாரியூருக்கும் நடுவில் இருக்கிறது. மாமனார் கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோம். கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி என் கொழுந்தனுக்கும் அவன் மனைவி காளீஸ்வரிக்கும். பின்னால் இருக்கிற தோட்டத்துக்குச் சுவர் வைக்கவில்லை, ஒரு முழ அகலத்துக்கு ஒரு வாய்க்கால் மட்டும் நடுவில் ஓடும், அந்தப் பக்கம் அவளுடையது, இந்தப் பக்கம் என்னுடையது. கிணறு பொது. சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான், எங்கள் கிணறு மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர், அதனால்தான் தோட்டம் என்று ஒன்று வைக்க முடிந்தது. அதை முதன்முதலில் வைத்தது நான். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காளீஸ்வரி கமுதிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது வெண்டை விதையை எத்தனை ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்றுகூடத் தெரியாதவள். விதை கொடுத்தது நான், பாத்தி கட்டக் கற்றுக்கொடுத்தது நான், பூச்சிக்குச் சாம்பல் தூவச் சொன்னதும் நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கண்மாய் சுத்தமாக வற்றிப்போன கோடையில், கருவேலங்காட்டிலிருந்து மான் வர ஆரம்பித்தது. புள்ளிமான் என்றதும் உங்களுக்கு அழகு ஞாபகம் வரும். என் தோட்டத்தை ஒரு விடியற்காலம் பார்த்திருந்தால் அந்த அழகெல்லாம் மறந்துபோயிருக்கும். கத்தரிக் குருத்து, அவரைக் கொழுந்து, பூசணிப் பூ, எது இளசோ அதை மட்டும் கத்தரித்துத் தின்றுவிட்டு, முற்றியதை எனக்கு விட்டுவிட்டுப் போகும். அடிக்க முடியாது, கண்ணி வைக்க முடியாது, கேஸாகிவிடும், அது சரிதான், வாயில்லாத ஜீவன்தான். ஆனால் ஒரு விஷயம் கேளுங்கள். அதே மான் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது. நம்பினால் நம்புங்கள், முதல் இரண்டு வருஷத்தில் காளீஸ்வரி தோட்டத்தில் ஒரு இலையைக் கடித்ததில்லை. அதே மண், அதே தண்ணீர், அதே விதை. அவள் வேலி என்று வைத்திருந்தது நாலு குச்சியும் ஒரு கயிறும்தான்.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். முதலில் சேலை கட்டினேன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான், பழைய சேலைகளை ஒன்றோடு ஒன்று முடிந்து சுற்றிலும் கட்டிவிட்டால் காற்றில் அது ஆடுவதைப் பார்த்து மான் மிரண்டு ஓடிவிடும் என்பார்கள். ஒன்பது சேலை கட்டினேன், மூன்று நாள் மிரண்டது, நாலாம் நாள் என் தலைதீபாவளிச் சேலையைக் கொம்பால் தூக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டது. அப்புறம் சலூனில் போய் வெட்டிய முடியைச் சாக்கில் வாங்கி வந்து பாத்தி ஓரமெல்லாம் போட்டேன், மனுச வாடைக்கு வராது என்றார்கள், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேர் தலைமுடியும் என் தோட்டத்தில் கிடந்ததுதான் மிச்சம். கடைசியில் மாரியூரிலிருந்து வருகிற மீன்காரக்காவிடம் சொல்லி ஒரு பழைய வலை வாங்கினேன். நல்ல கெட்டியான வலை, ஆளுயரத்துக்குச் சுற்றிலும் கட்டினேன், அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து இரண்டு மடங்கு மான் வந்தது. வருஷக்கணக்கில் கடலில் ஊறிய வலையாயிற்றே, நூலெல்லாம் உப்பு, அதை நக்குவதற்காகவே காட்டுக்குள் இருந்த அத்தனையும் வந்திருக்கின்றன, நக்கி நக்கி நைந்த இடத்தில் வழி கண்டுபிடித்து, வந்ததற்குக் கத்தரிக்காயையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. எறும்பை விரட்ட வெல்லம் வைத்த மாதிரிதான் ஆயிற்று.

அந்தப் பக்கம் காளீஸ்வரியின் தோட்டம் பச்சைப் பசேலென்று நிற்கும். நான் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் நின்றால் என் தோட்டத்தை விட அவள் தோட்டம்தான் நன்றாகத் தெரியும். அங்கே நின்று அவள் செடியில் எத்தனை காய், எத்தனை பூ, எது நாளைக்குப் பறிக்கிற பருவம் என்று பார்ப்பேன். பார்த்தால் வயிறு எரியும், எரிந்தாலும் பார்ப்பேன். படுத்தாலும் அதே நினைப்பு, எழுந்தாலும் அதே நினைப்பு. பொறாமைதான், வேறு பேர் வைக்க முடியாது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தினமும் காலையில் ஒரு கூடைக் காயை வாய்க்கால் ஓரம் வைத்துவிட்டு, அக்கா, எடுத்துக்கோங்க என்று குரல் கொடுப்பாள். என் விதையில் வந்த காயை எனக்கே தானம் பண்ணுகிறாள் என்று தோன்றும். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன், அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார், புளிக்குழம்பில் கிடந்த கத்தரிக்காயைப் பிட்டு வாயில் போட்டார், போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, இது காளீஸ்வரி தோட்டத்துக் காய்தானே, வெண்ணெயாகக் கரைகிறதே என்றார். குழம்பு வைத்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அதோடு விட்டாரா, கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"இந்தா, இந்த வருசமும் மான் தின்னுட்டா நம்ம பாதியவும் காளீஸ்வரிகிட்டயே விட்ருவோம். அது கைக்கு நல்லா வருது. நீ எதுக்கு வெயில்ல கெடந்து சாகுற."

என் நல்லதுக்காகத்தான் சொன்னார், எனக்கு மூட்டுவலி இருக்கிறது, அதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அந்தத் தோட்டத்தை விட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது? பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஊரில் என்னை யார் என்று கேட்டால், அந்தத் தோட்டம் வைத்திருக்கிற அம்மா என்றுதான் சொல்வார்கள். அதைப் பிடுங்கி, நான் கற்றுக்கொடுத்தவள் கையிலேயே கொடுப்பதா? சட்டியில் கிடந்த மிச்சக் குழம்பை அப்படியே கோழிக்கு ஊற்றினேன்.

அதற்கப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காளீஸ்வரி ஏதோ மந்திரத் தகடு வாங்கிப் புதைத்திருக்கிறாள் என்று என் புத்தியில் ஏறிவிட்டது. பனங்காட்டுப் பிசாசைப் பிடித்தவள் நான், எனக்கே அப்படித் தோன்றிவிட்டது. அவள் கடலாடிக்கு ரேஷன் கார்டு வேலையாகப் போயிருந்த ஒரு மத்தியானம், களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் தோட்டத்தில் நாலு மூலையையும் கொத்திப் பார்த்தேன். மண்புழுதான் இருந்தது. என் மண்ணில் இருப்பதை விட அது கொழுகொழுவென்று இருந்தது, அதற்கும் எரிந்தது.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் கிணற்றடியில் அவளை நேரடியாகவே கேட்டுவிட்டேன். சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன். உன் தோட்டத்துக்கு மட்டும் மான் ஏன் வருவதில்லை, என்ன செய்து வைத்திருக்கிறாய், மறைக்காமல் சொல் என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? நீங்கதான விடியக்காலம் வந்து எந்தோட்டத்துல நின்னு வெரட்டுறீங்க."

கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் கிண்டல் இல்லை. தினமும் ஐந்து, ஐந்தேகாலுக்கு, நன்றாக வெளுப்பதற்கு முன்னால், அவள் பால் பாக்கெட்டைப் பிரிக்க அடுப்படிக்கு வரும்போது, நான் அவள் கத்தரிப் பாத்தி நடுவில் நின்றுகொண்டிருப்பேனாம். முந்தின நாள் கட்டிய சேலையோடே நிற்பேனாம். மான்கள் வாய்க்கால்வரை வந்து என்னைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுமாம். ஆரம்பத்தில் இரண்டொரு தடவை, அக்கா, டீ குடிக்கிறீங்களா என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள், நான் திரும்பவில்லையாம். அக்கா தன் தோட்டத்தை மான் தின்றாலும் பரவாயில்லை என்று தங்கச்சி தோட்டத்தைக் காக்கிறாள், அது வெளியில் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாள் போல என்று இவளும் பேசாமல் இருந்திருக்கிறாள். அதனால்தான் தினமும் கூடை நிறையக் காய் வைத்திருக்கிறாள். என் அம்மாகூட எனக்காக இப்படி நின்றதில்லை அக்கா என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தூக்கத்தில் நடக்கிற வியாதியாக இருக்கும் என்று நீங்கள் இப்போது நினைப்பீர்கள், நானும் அதைத்தான் நினைத்தேன், அதை ஒரு கேள்வியில் தீர்த்துவிடலாம் என்று, நேற்று விடியற்காலமும் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேனே, மஞ்சள் சேலையில் நின்றீர்களே என்றாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் தங்கை மகளுக்குப் பிரசவ வலி எடுத்து, நான் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய், ராத்திரி முழுக்க அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில்தான் ஊருக்கு வந்தேன். மஞ்சள் சேலையில்தான் போனேன். அவள் அடுப்படி ஜன்னலில் நின்ற நேரத்தில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் டீக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். இதை அவளிடம் சொன்னதும் அவள் திரும்பித் தன் கத்தரிப் பாத்தியைப் பார்த்தாள்.

அன்றைக்கு ராத்திரி நான் அவள் வீட்டில் படுத்துக்கொண்டேன். கொழுந்தன் லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்தான், காளீஸ்வரிக்குத் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறதாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தோம். ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை, நான் நன்றாகத் தூங்கினேன் என்றே சொல்ல வேண்டும், அவள்தான் தூங்கவில்லை. ஐந்து மணிக்கு என் தோளைத் தொட்டாள். பச்சைக் கட்டம் போட்ட சேலை கட்டியிருந்தேன், எழுந்து அதைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போனேன். விளக்குப் போடவில்லை. ஜன்னலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே. கத்தரிப் பாத்தி நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, அதே பச்சைக் கட்டச் சேலையில். வெளிச்சம் சரியாக வரவில்லை, ஆனாலும் தன் முதுகு தனக்குத் தெரியாமல் போகுமா? வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, தண்ணீர் தூக்கித் தூக்கி எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. என் கை தானாகப் போய் என் தலையைத் தொட்டுப் பார்த்தது, அதே பக்கம்தான் சரிந்திருந்தது. பயமாக இருந்ததா என்று கேட்டால், முதலில் இல்லை. மீன் வாங்கும்போது முன்னால் நிற்கிறவள் யாரென்று எட்டிப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தேன்.

அப்புறம் மான்கள் வந்தன. மூன்று பெட்டை, கொம்புள்ள ஒன்று. கருவேலம்புதரிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, குச்சியும் கயிறும் கட்டிய இடம்வரை வந்தன. அங்கே நின்று பாத்தியில் நின்றவளைப் பார்த்தன. மிரளவெல்லாம் இல்லை, தலையைத் தாழ்த்திக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்குகிற மாதிரி மெதுவாகத் திரும்பி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து போய் என் தோட்டத்துக்குள் இறங்கின. நைந்த வலையைத் தாண்டி என் அவரைப் பந்தலில் வாயை வைத்தன. அவரைக் கொடி அறுபடுகிற சத்தம் ஜன்னல்வரை கேட்டது. பத்தடி தூரத்தில் என் தோட்டம் அழிகிறது, அங்கே நின்றவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து காளீஸ்வரியின் கத்தரிச் செடியில் ஒவ்வொரு காயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது நாளைக்குப் பறிக்கிற பருவம் என்று பார்க்கிற பார்வை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரையைப் பார் என்று அவளிடம் கத்த வேண்டும் போல இருந்தது, வாய் திறந்தேனா என்று தெரியவில்லை, ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் திரும்பினாள்.

முகம் என் முகம்தான். கண்ணாடியில் நாளைக்கு நாலு தடவை பார்க்கிற முகம்தான், பல் நீளவில்லை, கண் சிவக்கவில்லை. ஆனால் யாரும் கண்ணாடியில் தன்னையே பொறாமையோடு பார்ப்பதில்லை, அதனால் அந்தப் பார்வையில் என் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் என் பக்கத்தில் நின்ற காளீஸ்வரியைப் பார்த்தாள். காளீஸ்வரியும் அவளைப் பார்த்தாள், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடியும் வெளியே பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த கை மெதுவாக விட்டுவிட்டது.

"எம்மேல ஒங்களுக்கு இம்புட்டு எரிச்சலாக்கா?"

யார் அது என்று அவள் கேட்கவில்லை. அதைத்தான் கேட்டாள். வெளியே நன்றாக வெளுத்தபோது பாத்தி நடுவில் யாரும் இல்லை. கத்தரிச் செடிக்கு நடுவே கால் பட்ட தடம்கூட இல்லை. என் அவரைப் பந்தல் மட்டும் மொட்டையாக நின்றது.

நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஜன்னல் வழியாகக் காய் பார்த்தது, கூடையை வாங்கும்போது சபித்தது, அவள் தோட்டத்தைக் கொத்தித் தகடு தேடியது, ஒன்றுவிடாமல். அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள், அவள் அழுகை வேறு. இரண்டு வருஷமாக யாரோ தன் மேல் பாசம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தவள் அல்லவா. கடைசியில் அவளே எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். வீட்டுக்குப் போனபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன், அவள் கத்தரிக்காய் வெறும் கத்தரிக்காயாகத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், துளி எரிச்சல் இல்லை.

மறுநாள் விடியற்காலம் அவள் தோட்டத்தில் யாரும் நிற்கவில்லை. மான்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டன. நாலே நாளில் கத்தரி, வெண்டை, பாகல் எதுவும் மிச்சமில்லை. ஐந்தாம் நாள் காளீஸ்வரி வாய்க்கால் ஓரமாக வந்து நின்றாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பழையபடி கொஞ்சம் எம்மேல எரிச்சப்படுங்களேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நிஜமாகத்தான் கேட்டாள், நானும் நிஜமாகத்தான் முயற்சி செய்தேன், இரண்டு நாள் ஜன்னலில் நின்று வேண்டுமென்றே பார்த்தேன். குச்சி குச்சியாக நிற்கிற தோட்டத்தைப் பார்த்து எப்படிப் பொறாமை வரும்? பாவம் என்றுதான் வந்தது.

இதற்கப்புறம் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். என் தோட்டம் துளிர்க்க ஆரம்பித்தது. நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, நைந்த வலையைக்கூட அவிழ்த்துவிட்டேன். அவரை பூத்தது, கத்தரி இரண்டாம் கொழுந்து விட்டுக் காய்த்தது. மான்கள் வாய்க்கால்வரை வருகின்றன, குளம்படி தெரிகிறது, அதற்கு மேல் வருவதில்லை. அந்த வருஷம் என் வீட்டுக்காரர் தோட்டத்தை விடுகிற பேச்சை எடுக்கவே இல்லை, என் கையிலும் காய்க்கும் போலிருக்கிறதே என்று கேலி பண்ணினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் மீன்காரக்கா வாசலில் கூடையை இறக்கிக்கொண்டே, உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல ஒற்றுமை, விடிவதற்கு முன்னாலேயே உங்கள் கொழுந்தன் பொண்டாட்டி உங்கள் தோட்டத்தில் வந்து நிற்கிறதே என்றாள். நான் வாங்கிய சூடை மீனை எண்ணாமலே சட்டியில் போட்டேன். காளீஸ்வரியிடம் அதைச் சொல்லவில்லை. ஆமாம், சொல்லியிருக்க வேண்டும், அவள் அன்றைக்கு என்னிடம் சொன்ன மாதிரி. சொல்லவில்லை.

போன தை மாதம் கொழுந்தனுக்குத் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிற வேலை கிடைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார்கள். போகிற அன்றைக்குக் காளீஸ்வரி கடைசியாகப் பின்பக்கம் வந்து என் தோட்டத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நல்லாருக்குக்கா என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். கூடையை வாங்கும்போது என் தொண்டையிலிருந்து வந்த அதே குரல் அது.

இப்போது அவள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். அவள் பக்கத்துத் தோட்டத்தில் கருவேலம் முளைத்துவிட்டது. மீன்காரக்கா இன்னமும் அதையே சொல்கிறாள், நான் மறுத்துப் பேசுவதில்லை, ஆறு மணிக்கு முன்னால் அந்த ஜன்னலைத் திறப்பதும் இல்லை. போன மாதம் ஒருநாள் முதல் பாத்திவரை குளம்படி வந்திருந்தது. ஒரு வெண்டைச் செடியில் கொழுந்து இல்லை. அன்றைக்குப் பகலெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. திருப்பூரில் அவளுக்கு வேலை, புது வீடு, புது ஊர், என்னை மறக்கத் தொடங்கியிருப்பாள், அதுதானே நல்லது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

சாயங்காலம் தோட்டத்தில் இருந்த நல்ல கத்தரிக்காயையெல்லாம் பறித்து, சொளகில் பளபளவென்று பரப்பி, போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். கீழே, எல்லாம் நீ இருந்து பார்க்க வேண்டியது தாயி என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், குளம்படி வாய்க்காலோடு நின்றிருந்தது. அதிலிருந்து வாரம் ஒரு படம் அனுப்புகிறேன்.